லயத்துக் கானில் உறைந்த மெழுகு

தேனீ வளர்ப்புப் படித்துவிட்டு வந்து நான் தேன் பிழிந்த சட்டிகளில் மெழுகும் பிசினும் விடாமல் ஒட்டியிருந்தன. கொதிநீரில் கழுவி, தேயிலைத் தோட்ட லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவான, சிமெந்து சிலாப் போட்டு மூடிய கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டேன். தலவாக்கலை மலைக் குளிரில் மெழுகு உள்ளேயே உறைந்து கானை அடைத்தது.

"ஏன் தம்பி, இதத்தான் படிச்சியா? அடுப்படியெல்லாம் தண்ணி!" என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினார்.

"இருங்க அத்தை, சுடுதண்ணி ஊத்துறேன்."

ஊற்றினேன். மெழுகு உருகி நகர்ந்து, அடுத்த வீட்டுக்கு நேரே மறுபடி இறுகியது. அங்கே தண்ணீர் ஏறியது. திரும்பத் திரும்ப ஊற்றினேன். ஒவ்வொரு வீடாக நகர்ந்தது. கம்பியால் குத்தியும் அசையவில்லை. மறுபடி சுடுதண்ணி ஊற்ற, அது கடைசி வீட்டுக்கு நேரே போய் இறுகியது. தரை தாழ்ந்த அந்த வீட்டில், பிள்ளை பெற்ற அக்கா கீழே பாயில் படுத்திருந்தார்.

"அக்கா, பிள்ளையத் தூக்கிக்கங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"மெதுவா பேசு தம்பி, இப்பத்தான் தூங்குச்சு" என்றார். பாயின் ஓரம் நனைந்துகொண்டிருந்தது.