ஓர் எழுத்துப் பிழையும் பதினாறு மைலும்

முதலில் நின்றது என் ஓட்டம்தான். இருமல் அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டையை ஒட்டியது. அப்போது சேலம் ஜில்லா. கேழ்வரகு கதிர் பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கும். தகரத்தைத் தட்டிக்கொண்டு கேழ்வரகுக் கொல்லையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவது என் வேலை. என்னைவிட வேகமாக ஓட ஊரில் ஆள் கிடையாது. ஆண்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு சாயங்காலம் பாதிக் கொல்லையில் நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை. மூச்சுதான் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இருமியபோது கேழ்வரகுத் தாளில் சிவப்பாகத் தெறித்தது.

எனக்கு இருபத்து மூன்று வயது. மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, கௌரி.

இதே நோய்க்கு மாத்திரை தின்றுகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து நிதானமாகத்தான் வரும். நீங்களும் நிதானமாகப் படியுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

என் வீட்டுக்காரர் முனியப்பன் என்னை ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மைசூர்ப் பக்கத்து மனிதர், பேசுவது கன்னடம். வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். சளிப் பரிசோதனை (சளியைக் கண்ணாடியில் தடவிக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். பெங்களூருக்கு அனுப்பி எக்ஸ்ரே (நெஞ்சின் உள்ளே தெரிகிற மாதிரி எடுக்கும் படம்) எடுத்தார்கள். சயரோகம் (நுரையீரலை அரிக்கும் காசநோய்) என்று சொல்லிவிட்டார்கள்.

நர்சம்மா திருநெல்வேலிக்காரர். அவர்தான் அடுத்ததைச் சொன்னார்.

"பிள்ளைய வேற எடத்துல விடணும் தாயி. படம் சுத்தமா வர்ற வரைக்கும் தொடப்படாது. இருமல்ல போய் ஒட்டிக்கிடும்."

அந்த வாரமே கௌரி அஞ்செட்டிக்கு, என் அக்கா வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அப்போது சொல்லத் தெரிந்த வார்த்தை நாலைந்துதான். அதில் ஒன்று ‘அம்மா’.

சயரோகம் என்று சொன்ன அன்று டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சை இழு என்றார், விடு என்றார். நர்சம்மா பக்கத்தில் வந்து, "டாக்டர் சொல்றத நான் தமிழ்ல சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம். எனக்குக் கன்னடம் வரும்" என்றேன்.

வரும்தான். சந்தையில் பேரம் பேசுகிற கன்னடம். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் வரும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று ஒரு நினைப்பு.

டாக்டர் துணிக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். என் காதில் "ஓட்தீயாம்மா?" என்று விழுந்தது. ஓடுவாயா என்று அர்த்தம். மூச்சைச் சோதித்தவர் ஓட்டத்தைப் பற்றித்தானே கேட்பார்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சென்னாகி ஓட்தீனி" என்றேன். நன்றாக ஓடுவேன் என்று.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். மேஜையிலிருந்து தமிழில் அச்சடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அது ஆஸ்பத்திரிச் சீட்டு, அடுத்த தடவை காட்ட வேண்டும் என்று நினைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஊரில் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் சயரோகம் என்று தெரிந்துவிடும், கிணற்றடியில் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் எழுத்து தெரியாது.

ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தேன்கனிக்கோட்டைக் கம்பவுண்டர் போட்டார். கூடவே மாத்திரையும், வயிற்றைப் புரட்டும் ஒரு கசப்புத் தூளும். மூன்று மாதத்தில் இருமல் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. கம்பவுண்டர் ஒரு நாள், "ஊசி முடிஞ்சிச்சும்மா" என்றார். மருந்தே முடிந்தது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மிச்சமிருந்த மாத்திரையைப் பரணில் போட்டேன். இனி அடுத்த மாதம் படம் எடுத்துக் காட்டிவிட்டுக் குழந்தையைக் கூட்டி வருவதுதான் பாக்கி என்று, அவளுக்கு ஒரு சிவப்புச் சட்டைகூடத் தைத்துவிட்டேன்.

அந்த அடுத்த மாதம் மறுபடி ரத்தம் வந்தது. முன்னைவிட அதிகம்.

டாக்டர் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய படத்தில் புளியங்கொட்டை அளவு இருந்த நிழல் இப்போது உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். இந்தத் தடவை நர்சம்மா என்னைக் கேட்காமலே தமிழில் சொன்னார்.

"மருந்த ஏன் நிறுத்தினன்னு கேக்காரு. காயிதத்துல தெளிவா அச்சடிச்சிருக்கே, ஒன்றர வருசம் சாப்பிடணும்னு. படிக்கத் தெரியுமான்னு கேட்டதுக்குத் தெரியும்னு சொன்னியாமே?"

"அவரு எங்க அதக் கேட்டாரு? ஓடுவியான்னுதான கேட்டாரு" என்றேன்.

நர்சம்மா அவரைப் பார்த்தார். அவர் துணியைக் கீழே இறக்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக, "ஓத்தீயா" என்றார். ஓதுவாயா, அதாவது படிப்பாயா என்று அவர் கேட்டிருக்கிறார். ஓடுவேன் என்று நான் சொன்னது அவர் காதில் படிப்பேன் என்று விழுந்திருக்கிறது. நடுவில் இருந்தது ஓர் எழுத்து.

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கும் வந்தது, பாதியில் நின்றுபோனது. "தப்பு நன்தே" என்றார். தப்பு என்னுடையது என்று. முழுக்க அவருடையது இல்லை. தமிழில் சொல்லட்டுமா என்று கேட்ட ஆளை வேண்டாம் என்றது நான்தான்.

இரண்டு மாதம் வார்டில் படுக்க வைத்தார்கள். என் அரிச்சுவடி அந்தக் காகிதம்தான். மத்தியான வேளையில் நர்சம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று ஓர் எழுத்தைத் தொடுவார், நான் சொல்வேன். தப்பாகச் சொன்னால், "டாக்டர்கிட்ட ஓடுவேன்னு மட்டும் நல்லாச் சொல்லத் தெரிஞ்சுதுல்லா" என்பார். நானாக எழுத்துக் கூட்டி முதலில் படித்த வரி, "உடம்பு தேறினாலும் மருந்தை நிறுத்தக் கூடாது." அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஊருக்குத் திரும்பினதும் காகிதத்தைச் சுவரில் ஒட்டினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் இரண்டு வீட்டார் வருவதை நிறுத்தினார்கள். மூன்றாம் வீட்டுக்காரி ஒருத்தி வந்து, தன் தம்பிக்கும் இருமல் என்று மெதுவாகச் சொன்னாள். அவனை ஓசூருக்கு அனுப்பினேன்.

நடை டாக்டர் உத்தரவு. முதல் மாதம் வாசலிலிருந்து கிணறு வரை. அதற்கே உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் கொல்லை. அப்புறம் ஏரிக்கரையைச் சுற்றி ஒரு தடவை, இரண்டு தடவை. எட்டு மாதம் போனது. ஒரு நாள் கரையில் யாரும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நூறடி ஓடினேன். நின்று காத்திருந்தேன். மூச்சு திரும்பி வந்தது.

அடுத்த மாதச் சோதனையில் டாக்டரிடமே கேட்டேன். சளியில் கிருமி இல்லை என்று பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல ஓடலாம் என்றார். நீங்களும் கேட்காமல் ஓடாதீர்கள். ஏழு மாதம் மெல்ல மெல்லத்தான் ஓடினேன், ஏரிக்கரையில் தொடங்கிக் கெலமங்கலம் வரை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஒன்றரை வருஷ மருந்து முடிந்தது. பெங்களூரில் கடைசிப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சொல்லப்போவதுதான் பாக்கி. சுத்தம் என்றால் கௌரி வீட்டுக்கு வருவாள். இல்லை என்றால் இன்னும் எத்தனை நாளோ.

அன்று விடியலில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை.

"ஏம்மே, பஸ்ஸு காலியாத்தான போவுது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓடுவேன்னு அந்த டாக்டருகிட்ட சொல்லிட்டேன். இன்னும் ஓடிக் காட்டல."

"அவரு அதக் கேக்கவே இல்லியே."

"நான் சொன்னது சொன்னதுதான."

அவர் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, தண்ணீர்ச் செம்பும் என் நல்ல புடவையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். சைக்கிள் அவருக்குச் சரியாக வராது. மேட்டில் இறங்கித் தள்ளுவார்.

மைல்கல்லில் "ஓசூர் 16" என்று இருந்தது. அதை நானே படித்தேன். அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கல் பேசும் என்று தெரியாது. பதினைந்து, பதினான்கு என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தேன். மூச்சு முட்டினால் நடந்தேன், தெளிந்ததும் ஓடினேன்.

கெலமங்கலம் தாண்டி பஸ் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "யக்கா, பின்னால ஒரு ஆளு தொரத்திக்கினு வர்றான், சீக்கிரம் ஏறு" என்றான்.

பின்னாலிருந்து வீட்டுக்காரர், "அது என் பொண்டாட்டிதான்யா. ரெண்டு மணி நேரமா தொரத்தறேன், புடிக்க முடியல" என்றார். பஸ்ஸே சிரித்தது.

"ஓசூர் 6" என்ற கல் அருகே இருமல் வந்தது. நெஞ்சு முழுவதையும் உலுக்கிய இருமல். கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை வாயிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. வீட்டுக்காரர் வந்து சைக்கிளைக் கீழே போட்டார். அவரே என் கையைப் பிடித்துத் திருப்பினார். எச்சில்தான். ரோட்டுப் புழுதி கலந்த வெறும் எச்சில். இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு செம்பைக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நல்ல புடவையை மாற்றிக்கொண்டேன். டாக்டர் புழுதிக் காலைப் பார்த்துவிட்டு, பஸ் வரவில்லையா என்று கேட்டார்.

"ஓட்தீனி" என்றேன்.

அவர் முதலில் என்னை உட்காரச் சொல்லி நாடி பிடித்தார். அது அடங்கும் வரை கையை விடவில்லை. அப்புறம் படத்தை எடுத்து ஜன்னலில் பிடித்தார். கன்னடத்தில் ஏதோ சொன்னார். பாதி புரிந்தது. என் கௌரி விஷயத்தில் பாதி போதாது.

"நர்சம்மா, நீங்க தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சுத்தமா இருக்கு தாயி. பழைய தழும்பு மட்டுந்தான். பிள்ளையக் கூட்டிட்டு வா."

அழவில்லை. பசித்தது. அன்று சாப்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

அஞ்செட்டிக்கு அதே வாரம் போனோம். கௌரிக்கு மூன்றரை வயது ஆகியிருந்தது. என் அக்காவின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். சிவப்புச் சட்டைக்குள் அவள் கை நுழையாது, ஆனாலும் எடுத்துப் போயிருந்தேன். அக்கா, "உங்கம்மா வந்துக்கிறா பாரு" என்றாள். குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டாள்.

"அவங்க ஓடுவாங்களா? என்னப் புடிப்பாங்களா?"

இந்தத் தடவை எனக்குச் சரியாகத்தான் கேட்டது. "புடிப்பேன்" என்றேன். அவள் ஓடினாள். உடனே பிடித்துவிடாமல் களத்தை மூன்று சுற்று சுற்றவிட்டுத்தான் பிடித்தேன்.

இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது வயசு. நோயில் வாங்கிய மூச்சு வேறு, இது வேறு, இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் நாளை மாத்திரையால் எண்ணினேன், வழியைக் கல்லால் எண்ணினேன். இப்போது எதையும் எண்ணுவதில்லை. மூச்சு வாங்கினால் நின்ற படியிலேயே உட்காருகிறேன். அது திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.