கிளைத்துள்ளது என்று ஒரு சொல்

மைக்கில் விளம்பரம் சொல்லிப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டுவது பெரிய காரியமில்லை. ஊரில் யாருக்கு யாரோடு பிணக்கு என்று தெரியாமல் வாய் திறந்தால்தான் கேடு. பேசிப் பிழைக்கிறவர்கள் நீங்களும் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். ஜீப்பும் ஆம்ப்ளிபயரும் மைக் செட்டுக்காரன் தாசனுடையவை. தொண்டை மட்டும் என்னுடையது. அவன் கூப்பிட்டால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும்.

அமரவிளைச் சபை

பாட்டுக்குழுவில் ஆர்மோனியமா கீபோர்டா என்று சண்டை வந்து, கீபோர்டுக்காரர்கள் வெளியேறி அடுத்த தென்னைவிளையிலேயே ஓலைக்கொட்டகை போட்டார்கள். புதுச்சபைக் காரியதரிசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரிஞ்சு போனதுண்ணு மட்டும் சொல்லப்பிடாது" என்றார். யோசித்தேன். "தாய்ச்சபையிலிருந்து கிளைத்துள்ள புதிய ஆலயம்" என்று முழங்கினேன். காரியதரிசிக்குக் கண்ணே நிறைந்துவிட்டது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பழைய ஆலயத்து வாசலில் ஜீப்பை மறித்தார்கள். மூத்த டீக்கனார் மைக்கைப் பிடுங்காத குறை. "எலே, அவனுவ கிளைக்கவும் இல்ல, தளிர்க்கவும் இல்ல. நாங்க வெட்டிக் களைஞ்சதாக்கும்!"

நெய்யாற்றின்கரைக் கட்சி

அதோடு அந்தச் சொல்லுக்கு நல்ல கிராக்கி. ஒரு கட்சி இரண்டானது. காலையில் ஒரு கோஷ்டிக்கு, மாலையில் மற்றதற்கு, அதே ஜீப்பு, அதே தொண்டை. பிளவைச் சொல்லும் பிளர்ப்பு என்ற மலையாளச் சொல்லைக் கேட்டாலே இரண்டு தலைவர்களுக்கும் ஆகாது. எங்களிடமிருந்து அவர்கள் கிளைத்தார்கள் என்று சொல்லச் சொன்னார் இவர். அதையே திருப்பிச் சொல்லச் சொன்னார் அவர். சொன்னேன், என்ன செய்ய?

சாயங்காலம் சாயாக்கடையில் ஒருத்தர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "மக்கா, ரெண்டும் கிளைதான், சரி. மரம் எங்க நிக்குது?"

பாறசாலை முக்கு

ஒருநாள் தாசன் புது டேப்ரெக்கார்டரோடு வந்தான். சபைக் கூட்டம், கட்சிக் கூட்டம், துணிக்கடைத் திறப்பு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று பேசவைத்துப் பதிந்தான். கடைசியாக, "நமது மைக் செட்டிலிருந்து கிளைத்துள்ள தாசன் கேசட் விளம்பர நிலையம்" என்று ஒன்று. ஆகா, தொழில் வளருகிறதே என்று நெஞ்சு நிறையச் சிரித்துக்கொண்டு, தொண்டை கிழியப் பேசிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை முக்கில் அவனுக்காகக் காத்து நின்றேன். ஜீப்பு வந்தது. என் குரல் என்னையே "அன்பார்ந்த பெரியோர்களே" என்று கூப்பிட்டது. நான் உட்காரும் சீட்டில் கேசட்டுப் பெட்டி இருந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். தாசன் தலையை நீட்டி, பாசமாகவே சொன்னான்: "அண்ணா, கொரலு நமக்குக் கிட்டியாச்சு. இனி நீங்க தொண்டைக்குக் கொஞ்சம் ரெஸ்டு குடுங்க."

அகராதி என்ன பொருள் சொன்னாலும் சரி, கிளைத்துள்ளது என்பது ஜீப்பு வைத்திருக்கிறவன் வாயில் வளர்ச்சி, தொண்டை மட்டும் வைத்திருக்கிறவன் காதில் வேலை போச்சு.