சித்தப்பாவின் சீருடையில் இல்லாத பெல்ட்

ஆகாயப்படையில் மெக்கானிக்காக இருந்த என் சித்தப்பா விமானத்தில் சாகவில்லை. லீவில் வந்திருந்தபோது, தஞ்சோங் காராங் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு அடியில் மோட்டார் சைக்கிளோடு போனார். அவருடைய ஒரே மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். போன வருடம் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியணும்க்கா. அம்மாவக் கேட்டா எழுந்து அடுப்படிக்குப் போயிடறாங்க. நீதான எழுதறவ, விசாரிச்சு எழுதிக் குடு."

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு அது போதும். காரை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்தேன். இரு பக்கமும் செம்பனை. மட்டை வெட்டிய தழும்புகள் கழுத்துவரை ஏறிய மரங்கள், வரிசை கலையாமல், வாய் திறக்காமல்.

ராசா என்ற ஊரில், அவரோடு வேலை பார்த்த முதியவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "உன் சித்தப்பன் கையா அது? இரும்புலா! தேத்தண்ணியத் தட்டிவிட்டான்னு ஒருத்தன் வாயிலயே ஸ்பானர எறக்கிட்டான். அவன் கீழ குனிஞ்சு பல்லத் தேடறான், இவன் நின்னு வெளக்குப் புடிக்கிறான்!"

நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சித்தப்பா குடியிருந்த பழைய தோட்டத் தொழிலாளர் லயத்தில், பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மா வேறொன்று சொன்னார். ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவனைச் சித்தப்பா லயத்து வாசலிலிருந்து கால்வாய்க்கரை வரை உதைத்துக்கொண்டே போனாராம். "மண்டோர்னா கொம்பு மொளைச்சிருக்கான்னு கேட்டுக் கேட்டு ஒதைச்சாரும்மா. அவன் வாயெல்லாம் சேறும் ரத்தமும். லயமே கைதட்டுச்சு."

வீரம் என்றே எழுதினேன். என் வாக்கியங்களில் ரத்தம் அழகாக வடிந்தது.

திதி வந்தது. புஞ்சாக் ஆலாம் வீட்டில் சித்தி வருடம் தவறாமல் படையல் போடுவாள். இலையில் ஆட்டுக்கறி, பக்கத்தில் ஸ்டவுட் பீர் போத்தல், சிகரெட். நாற்காலியில் இஸ்திரி போட்ட சீருடை, தொப்பி, கீழே ஷூ. பெல்ட் மட்டும் இருக்காது. வேலையிடத்தில் அதைத் திரும்ப வாங்கியிருப்பார்கள் என்று தங்கச்சி நம்பியிருந்தாள். செத்தவருக்கு உகந்ததில் ஒன்று குறைந்தாலும் அவர் வாசலிலேயே நின்றுவிடுவார் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். கோலாலம்பூரில் பழைய ராணுவச் சாமான் விற்கும் கடையில் தேடி, அதே மாதிரி ஒன்றை வாங்கினேன். பித்தளைப் பக்கிளை முகம் தெரிய விளக்கி, சட்டைமேல் வைத்தேன். தங்கச்சி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சித்தி தேங்காய் உடைக்கப் பாராங் கத்தியோடு வந்தாள். பெல்ட்டைப் பார்த்தாள்.

தேங்காய் கையிலிருந்து விழுந்து உருண்டது. கத்தி இறங்கியது. பெல்ட்டில், சட்டையில், நாற்காலியின் கையில், மறுபடி பெல்ட்டில். போத்தல் வெடித்துக் கறுப்பு நுரை இலைமேல் ஓடியது.

"அம்மா! பைத்தியமா புடிச்சிருக்கு?"

"அவருக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணுமா? அப்ப என்னையும் தூக்கி எலையில வையி! அதத்தான் ரொம்பப் புடிக்கும் அவருக்கு."

கொண்டையை அவிழ்த்தாள். உச்சிக்குப் பின்னால் மயிரை விலக்கினாள். முடி முளைக்காத ஓரிடம், பக்கிள் அளவுக்கு, நாலு மூலையோடு.

"நீ வயித்துல இருக்கறப்ப வாங்குனது. சாவு வீட்டுக்கு ஆளு வர்றதுக்குள்ள அந்தப் பெல்ட்டக் கொண்டுபோயி வாய்க்கால்ல வீசுனேன். தாலியக்கூட அப்புறந்தான் கழட்டுனாங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ காசு குடுத்து வாங்கியாந்து வைக்கிறியாடி?"

தங்கச்சியின் காலில் கண்ணாடி ஏறியிருந்தது. ரத்தத்தைப் பார்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சட்டையின் கிழிசலையே பார்த்தாள்.

"எழுதுனதப் படிக்கா."

"இப்ப வேணாம்டா."

"படி."

படித்தேன். ஸ்பானர், பல், குனிந்து தேடியவன். யாரும் சிரிக்கவில்லை. கால்வாய்க்கரை, மண்டோர் வாயில் சேறு, லயத்தின் கைதட்டல். அங்கே நிறுத்தியிருந்தேன். காகிதத்தை மடிக்கப் போனேன்.

மகளின் காலை மடியில் இழுத்துக் கண்ணாடித் துண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்த சித்தி தலை நிமிரவில்லை.

"மடிக்காத. அன்னைக்கு அங்கேர்ந்து நேரா வீட்டுக்குத்தான் வந்தாரு," என்றாள். "எழுதிக்க."