மார்கழி பதினொன்று

2006இல் சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். பிச்சாவரம் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றில், சுனாமியில் போனவர்களுக்கு நினைவுக்கல் நடுவதாக இருந்தார்கள். வீடுவீடாக எழுதி வாங்கிய தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அலை வந்த அந்த டிசம்பர் 26இல் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

எல்லாத் தாளிலும் இங்கிலீஷ் தேதி. ஒன்றில் மட்டும் 'மார்கழி 11'. அப்படி ஒரு மாதமே தெரியாது என்று டேட்டாபேஸ் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. சனியனே என்று திட்டிக்கொண்டே மாதப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன்: சித்திரை என்றால் ஏப்ரல், மார்கழி என்றால் டிசம்பர். 11 என்ற எண்ணை மாற்றாமல் அப்படியே விட்டேன். டிசம்பர் பாதியில்தான் மார்கழி பிறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? மாதம் முழுக்க விடியலில் எழுந்து வாசலில் கோலம் போட்டு வளர்ந்தவள் நான். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது. இந்த முறை தகராறில்லாமல் ஓடியது. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

கல் நட்ட மறுவாரம் அந்த ஊர் அக்கா ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, எம் பொண்ணு பேரு கல்லுல இல்லியே. இங்கதான் லிஸ்ட் அடிச்சீங்களாமே?"

தேடினேன். ஏழு வயது. இறந்த நாள், டிசம்பர் 11. அந்த 'மார்கழி 11' தாள்தான்; சரியாக எண்ணினால் டிசம்பர் 26. தப்பை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. "அலைக்கு முன்னாடி, டிசம்பர் 11லயே தவறிட்டதா இதுல இருக்குக்கா" என்றேன், ஏதோ கம்ப்யூட்டர்தான் சொல்கிறது என்பதுபோல.

அவர் கத்தவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பதினஞ்சு நாளும் நான் யாருக்கும்மா தல பின்னி வுட்டேன்?"

அழுதுகொண்டே என் தப்பைச் சொன்னேன். ஊர்க்காரர்களிடமும் போய்ச் சொன்னேன். கல்லில் இடமில்லை. அடியில், மண்ணை ஒட்டி, பொடி எழுத்தில் அவள் பெயரை வெட்டினார்கள்.

இப்போது கடலூரில் இருக்கிறேன். எனக்கும் ஒரு மகள். டிசம்பர் 11 வந்தால் சீப்பைத் தொடமாட்டேன். அன்றிலிருந்து பதினைந்து நாள் அவளுக்கு அவள் அப்பாதான் கோணல்மாணலாகப் பின்னிவிடுகிறார்.