புற்று எழுந்த அறை

நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது நடு அறையில் அம்மாவின் மரக்கட்டிலும் நாலைந்து நெல்மூட்டைகளும் கிடந்தன. சில மாரிகள் கழித்துத் திரும்பி வந்தபோது, அதே அறையில் என் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு புற்று நின்றது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல் வட்டைகளின் ஓரத்தில் இருந்தது. ஷெல் அடி தொடங்கிய அன்று எல்லோரும் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போனோம். மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன அத்தான், அக்காவின் கணவர், பிறகு வரவேயில்லை. அகதிகளாய் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து வகுப்பறையில் அம்மா காய்ச்சலில் கண்ணை மூடினாள். மிஞ்சியது அக்கா, அவளுடைய சின்ன மகள், நான், அம்மாவின் தம்பியான மாமா.

சண்டை சற்று ஓய்ந்த ஒரு காலத்தில், பகலில் போய் வீட்டு வளவைத் துப்புரவாக்கலாம், பொழுதுபடுமுன் திரும்பிவிட வேண்டும் என்று ஆமி அனுமதி கொடுத்தது. அக்கா அடுத்த நாளே தோணி ஏறினாள்.

முதல் நாள் வீட்டுக்குப் போகும் எங்கள் ஒழுங்கையையே கண்டுபிடிக்க முடியவில்லை. அது இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றையும் சூரை முள்ளும் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. எங்கள் தென்னைகளில் தலை முறிந்து நின்ற ஒன்றை மாமாதான் தூரத்தில் அடையாளம் கண்டார். வெட்டி வெட்டி உள்ளே போனோம். கூரை பாதி இறங்கியிருந்தது. அடுப்படிக் குசினிச் சுவரில் முளைத்த ஆலங்கன்று யன்னல் வழியாக வேரை உள்ளே நீட்டியிருந்தது. நெல் காயப்போடும் முற்றத்தில் யானை லத்தி காய்ந்து கிடந்தது. கிணற்றின் வாயைக் கொடி மூடிவிட்டிருந்தது.

எனக்கு அந்த இடம் பயத்தைத் தரவில்லை. பள்ளிக்கூடத்து இரைச்சலிலும் நிவாரண வரிசைகளிலும் இருந்துவிட்டு வந்தவளுக்கு, குருவிச் சத்தம் மட்டும் கேட்கும் ஓர் இடம் கிடைத்தது போலிருந்தது. இப்படியே விட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். அக்கா அப்படி எதுவும் நினைக்கவில்லை. நாயுண்ணியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். கையெல்லாம் கீறி இரத்தம் வந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை.

நடு அறைக்குள் முதலில் நுழைந்தவர் மாமா. கையிலிருந்த இரும்பு அலவாங்கை மெல்லக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். நாங்கள் எட்டிப் பார்த்தோம். கட்டிலைக் கரையான் முழுதாகத் தின்றிருந்தது. அது கிடந்த இடத்திலிருந்து செம்மண் புற்று கோபுரம் போல எழுந்து நின்றது. பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டை.

"நாகதம்பிரான் வந்து குடியிருக்கார்," என்றார் மாமா. "இனி இதுல கை வைக்க ஏலா, புள்ள."

செய்தி ஒரே நாளில் பரவியது. வளவு துப்புரவாக்க வந்த சனமெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு விளக்கும் வந்தது. வளவுக்குள் நுழையும் எங்கள் கடப்படியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் எல்லோரும் ஓடிவிட்டோம், அவர் ஒருவர்தான் ஊரை விட்டுப் போகாமல் இருந்தார் என்று ஒரு பெரியவர் அழுதபடி சொன்னார். எல்லாவற்றையும் தொலைத்தவர்களுக்கு யாரோ காவல் இருந்தார்கள் என்று நம்ப வேண்டியிருந்தது. அந்த அறையைக் கோயிலாக்குவோம், அக்காவுக்கு ரோட்டோரமாக வேறு வளவு தருவோம் என்று எல்லோருமாகப் பேசி, மாமாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவுக்கு அவளுடைய தாய் கொடுத்தது, அம்மா அக்காவுக்குக் கொடுத்தது, இனி அவள் மகளுக்கு. மாமா சொல்லி முடிக்கும்வரை அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பிரானுக்குக் காடு முழுக்கக் கிடக்கு, மாமா. எனக்கு இந்த ஒரு வீடுதான் கிடக்கு."

 மறுநாளிலிருந்து மாமா வளவு வேலைக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா முழுகி, புற்றின் முன் பால் வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கைகூப்பியபடி, பக்கத்து வளவுக்காரியிடம் பேசுவது போல உரத்த குரலில் பேசினாள்.

"நீ வந்து இருந்த நேரம் நாங்க இல்ல. இப்ப வந்திட்டம். நீ எழும்பிப் போ."

அதற்கு இரண்டு நாள் அவகாசமும் கொடுத்தாள். ஞாயிறு காலை மண்வெட்டியோடு உள்ளே போனாள்.  நான் வாசலில் நின்றுகொண்டேன். கேள்விப்பட்டு ஓடிவந்த மாமா என் பின்னால் நின்றார். அக்கா உச்சியிலிருந்து கொத்தினாள். மண் கல்லைப் போல இறுகியிருந்தது. பாதி இறங்கியபோது உள்ளிருந்து ஒரு பாம்பு சரசரவென்று வந்து, அக்காவின் காலைத் தொடுவது போல வளைந்து, பின்கதவால் வெளியேறி நாயுண்ணிக்குள் மறைந்தது. மஞ்சளாய், நீளமாய், நல்ல கொழுத்த சாரை. மாமாவும் நன்றாகப் பார்த்தார். தம்பிரான் எந்த உருவத்திலும் வருவார் என்று முணுமுணுத்தபடி போய்விட்டார்.

அந்த மண்ணை அக்கா வீணாக்கவில்லை. புற்றுமண்ணைப் போலப் பிடிப்பான மண் கிடையாது. குழைத்து அடுப்புப் போட்டாள். வெடித்த சுவரைப் பூசினாள். இன்னும் கொஞ்சத்தை நிலத்துக்குப் போட்டு மெழுகினாள்.

அந்தக் கிழமையே அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சனம் எதிர்பார்த்திருந்தது போலப் பேசியது. பிள்ளையின் உடம்பு கொதித்தபோது நானும் உடைந்துபோனேன். ஒரு பூசை செய்துவிடு அக்கா, உனக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காகவாவது என்று கெஞ்சினேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அம்மாவும் காய்ச்சலிலதான் போனவ. அவ எந்தப் புற்றை உடைச்சவ?"

 ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மலேரியா என்றார்கள். குளிசை கொடுத்தார்கள். பிள்ளை தேறியதும் அக்கா நேரே வளவுக்குத்தான் போனாள். ஆலங்கன்றை வெட்டி, வேர் இருந்த வெடிப்புக்குள்ளும் புற்றுமண்ணையே அடைத்தாள். கூரைக்குத் தென்னங்கிடுகு வேய்ந்ததும், இனி வாவியைக் கடந்து போவதில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே அடுப்பை மூட்டினாள். ரோந்து வந்த ஆமிக்காரன் அரைகுறைத் தமிழில், இது காடு, இரவில் இருக்க முடியாது என்றான். அவள் அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கிணற்றுக் கட்டைக் காட்டி, காட்டுக்குள்ளே கிணறு கட்டியது யார் என்று கேட்டாள். அவன் பொல்லாதவன் இல்லை. வாளியில் அள்ளிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான்.

அடுப்புப் புகை தெரிந்த பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்து தங்கியது. ரோட்டோரத்து வேம்பின் கீழே தம்பிரானுக்கு ஒரு கொட்டில் போட்டார்கள். அதற்கான முதல் தேங்காய் எங்கள் வளவிலிருந்துதான் போனது. மாமா மட்டும் நெடுநாள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. மாரி மழையில் அவர் நனைந்து வந்த ஒரு நாள் அக்கா சோற்றைப் போட்டு வைத்தாள். அவர் உள்ளே வந்து சாப்பிட்டார்.

சண்டை திரும்ப மூண்டபோது இன்னொரு முறையும் ஓடினோம். அந்தத் தடவை திரும்பியபோது கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நின்றன. நாயுண்ணி மறுபடி கடப்புவரை வந்திருந்தது. கூட வந்தவர்கள் நின்று பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்படியிலிருந்தே வெட்டத் தொடங்கினாள். நான் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்திலிருந்து வெட்டினேன். மத்தியானத்துக்குள் கிணற்றடிக்கு வந்துவிட்டோம்.