சூடு ஆறும்வரை

செம்பவாங் கப்பல் பட்டறை கேட்டில் நான் நேரம் குறிப்பவனாக இருந்தபோது, மூன்று நிமிடத் தாமதத்துக்காக ஒரு தொழிலாளியைத் திருப்பி அனுப்பினேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை, வேலை அட்டை எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, என் பழைய கார் கொதித்து நின்றது. ஆங் மோ கியோ ஒர்க்‌ஷாப்பில் அவரே மெக்கானிக்காக இருந்தார். ஒல்லியான உடம்பு, வரிசை பிசகாத வெள்ளைப் பற்கள். வயரின் உறையை அந்தப் பற்களால்தான் உரித்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் நல்லாத்தான் இருக்கு சார், சுவிட்சுதான் போச்சு” என்று பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து மாட்டினார். ஃபேன் சுழன்றது. “எஞ்சின ஆஃப் பண்ணாலும் சுத்தும். சூடு ஆறுனா தானா நின்னுடும் லா. நீங்க போய்த் தூங்குங்க.”

அப்படி மாட்டிய ஃபேன் தானாக நிற்காது என்பது எனக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால், விடிய விடியச் சுற்றிய ஃபேன் பேட்டரியைச் சாகடித்துவிட்டுத்தான் நின்றிருந்தது. வேலைக்குப் போய்ச் சேர மதியமாயிற்று. எல்லோர் முன்னாலும் மேலதிகாரி என்னைக் கிழித்தார்.

மாலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கத்தினேன்: “வேணும்னேதானே செஞ்சீங்க?”

அவர் வாயிலிருந்த வயர் உறையைத் துப்பினார். மிக மரியாதையாகக் கேட்டார்:

“எத்தனை நிமிஷம் லேட்டு சார்?”