பொனட்டை நான் திறக்க விடவில்லை

செங்கலடியில் ஒரு முதலாளியின் நெல் ஏற்றும் பிக்கப்பை அப்போது நான் ஓட்டினேன். சில காலைகளில் மட்டும் அது ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறியதும் தானாகவே சரியாகிவிடும். மெக்கானிக் வரும்போது குறை எதுவும் இராது. பழி என்மேல் விழுந்தது.

"இனியும் வண்டி நிண்டா வேற றைவரைப் பார்ப்பன்," என்றார் முதலாளி.

முகம் பார்த்துப் பேசவே கூசுபவன் நான். ஆனாலும் கவனித்தேன். முதலாளியின் மனைவி கண் திருஷ்டி போகக் கண்ணூறு கழிக்க இஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் காலைகளில்தான் வண்டி அடம்பிடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா செம்போடு வந்தார். நான் பொனட்டை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டு நின்றேன்.

"விலகடா! விசரா உனக்கு?" என்று கத்தினார் முதலாளி.

"விலக மாட்டன். டயருக்குத் தெளிங்க, எனக்கும் ஊத்துங்க. உள்ளுக்கு ஒரு சொட்டும் விட மாட்டன். வயர் நனைஞ்சுதான் இது நிக்குது."

"கண்ணூறு பட்டா ஆரு மனே பொறுப்பு?" என்றார் அந்த அம்மா.

"நான்தான் பொறுப்பு."

அந்த அம்மா செம்பு முழுவதையும் என் தலையில் கவிழ்த்தார். மஞ்சள் சொட்டச் சொட்ட ஏறி ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினேன். உடனே இஞ்சின் உறுமியது. முதலாளி நெல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார்.

இன்றும் நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பேசாதவன் பிழையை ஒப்புக்கொண்டவன் என்று நினைக்க யாரையும் விடுவதில்லை.